ஆடுபவனும் விதியும் காயும்: அணி சேர்த்தல் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மனிதன் தனித்து நின்று சாதிப்பவை சில. பிறரோடு கூடி நின்று சாதிப்பவையே பல. கூடுவதென்றால் யாரைக் கூட்டுவது என்ற வினா உடனே எழுகின்றது. அரசன் அமைச்சரையும் தூதரையும் படைத்தலைவரையும் ஆராய்ந்து தெரிந்த காலம் முதல், பாடசாலைக் கரப்பந்தாட்டக் குழுவுக்கு ஆள் சேர்க்கும் இக்காலம் வரை இவ்வினா ஓய்ந்ததில்லை. திருக்குறளின் பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என ஈர் அதிகாரங்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதே இதன் பழமைக்கும் கனத்துக்கும் போதிய சான்றாகும். எனினும் ஆள் தெரிதல் என்பது பெரும்பாலும் காரியம் கைகூடுவதற்கான வழியாகவே எண்ணப்படுகின்றது. தெரியப்படாதவனின் நிலை யாது, தெரிவதற்குரிய அளவுகோலை வகுத்தவர் யாவர், அவ்வளவுகோலை ஏற்குமாறு பிறரைக் கேட்பது நியாயமா என்பன அறவியலைச் சார்ந்த வினாக்கள். வெற்றியின் ஆரவாரத்தில் இவை செவிக்கு எட்டுவதில்லை.

இவ்வினாக்களைத் தெளிவுபடுத்துவதற்கு ஒரு சிறுவர் விளையாட்டுத் துணையாகும் என்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின், வாழ்க்கையிற் பல காரணங்களோடு பின்னிக் கிடக்கும் ஒன்றை விளையாட்டுத் தனியே பிரித்தெடுத்துக் காட்டவல்லது. யப்பானில் 1996ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் நாள் வெளிவந்த ‘போக்கிமொன்’ என்னும் மின்னணு விளையாட்டு அத்தகையது. அதனை ஆக்கிய சத்தோஷி தஜிரி சிறுவயதிற் பூச்சிகளைத் தேடிச் சேர்ப்பதில் பேரார்வம் கொண்டிருந்தவர். அவ்வார்வமே விளையாட்டின் கருவாயிற்று. தொடக்கத்தில் 151 கற்பனை உயிரிகள் அதில் இடம்பெற்றன. இன்று அவற்றின் தொகை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆடுபவர் அவற்றுள் ஆறினைத் தெரிந்து ஓர் அணியாக்க வேண்டும். ஒவ்வோர் உயிரிக்கும் நான்கு செயல்கள் மட்டுமே அனுமதிக்கப்படும். இவ்வணிகள் ஒன்றோடொன்று பொருதுகின்றன. ராகலை போன்ற மலையகச் சிற்றூர்களின் இளைஞர்களும் இன்று கைபேசித் திரையில் இத்தகைய ஆட்டங்களை அறிந்துள்ளனர்.

சதுரங்கத்தோடு ஒப்பிடும்போது இவ்விளையாட்டின் தனித்தன்மை புலனாகும். சதுரங்கத்தில் இரு தரப்பினருக்கும் ஒரே தொகையான, ஒரே வலிமையுள்ள காய்கள் வழங்கப்படுகின்றன. காயைத் தெரியும் உரிமையோ பொறுப்போ எவருக்கும் இல்லை. இங்கோ காய்களைத் தெரிவதே ஆட்டத்தின் பாதி. களத்தில் இறங்குமுன்னரே வெற்றி தோல்வியின் பெரும்பகுதி முடிவாகிவிடுகின்றது. எனவே சதுரங்கம் எழுப்பாத ஒரு கேள்வியை இவ்விளையாட்டு எழுப்புகின்றது: நல்ல அணி என்பது யாது?

வலிமை மிக்க ஆறினைச் சேர்த்தால் நல்ல அணி ஆகிவிடும் என்பதே எவருக்கும் முதலில் தோன்றும் விடை. புதிதாக ஆடுவோர் அவ்வாறே செய்து தோற்கின்றனர். ஏனெனில் இவ்விளையாட்டில் ஒவ்வோர் உயிரிக்கும் ஒரு வகை அல்லது இரு வகைகள் உண்டு. நீர் நெருப்பை வெல்லும்; நெருப்புப் புல்லை வெல்லும்; புல் நீரை வெல்லும். இவ்வாறு இன்று பதினெட்டு வகைகள் ஒன்றையொன்று வென்றும் ஒன்றுக்கொன்று தோற்றும் நிற்கின்றன. எல்லாவற்றையும் வெல்லும் வகை எதுவும் இல்லை. ஆறு வலிய நெருப்பு உயிரிகளைக் கொண்டவனை, நீர் வகையை நன்கு பயன்படுத்தத் தெரிந்த ஒருவன் எளிதில் வீழ்த்திவிடுவான். ஆகவே அணி சேர்ப்போர் கைக்கொள்ளும் முதல் விதி, எல்லா உறுப்பினருக்கும் பொதுவான ஒரு பலவீனம் இருத்தலாகாது என்பதாகும்.

இவ்விதியைக் கற்றுக்கொள்ள மலையகத்தார் யப்பான்வரை செல்ல வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மத்திய மலைநாடு கோப்பி நாடாக இருந்தது. காடுகள் அழிக்கப்பட்டு மலைக்கு மலை ஒரே பயிர் நடப்பட்டது. 1869ஆம் ஆண்டில் இலைத்துரு நோய் இலங்கையிற் பதிவாயிற்று. 1880 முதல் 1882 வரை இங்கு தங்கி அந்நோயை ஆராய்ந்த ஹரி மார்ஷல் வோட் என்னும் ஆங்கிலத் தாவரவியலாளர், இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமை நோய் பரவுவதற்கு எத்துணை வாய்ப்பாயிற்று என்பதை எடுத்துக்காட்டினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளிற் கோப்பிப் பொருளாதாரம் சரிந்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. ஆறு உறுப்பினரும் ஒரே பலவீனம் உடையவராயின் ஒரே தாக்குதலில் அணி வீழும் என்ற விதி, விளையாட்டுக் கருவி எதுவும் தோன்றுமுன்னரே இம்மலைச் சரிவுகளில் எழுதப்பட்டுவிட்டது.

ஆனால் இவ்வரலாறு மற்றோர் உண்மையையும் உணர்த்துகின்றது. விளையாட்டில் அணியைத் தெரிந்தவனே தோல்வியையும் ஏற்கின்றான். கோப்பியைத் தெரிந்தவர்கள் தோட்ட உடைமையாளர்கள். அவர்களுட் பலர் செல்வத்தை இழந்தனர் என்பது உண்மையே. ஆயின், கடல் கடந்தும் காடு கடந்தும் வந்து அக்கோப்பியைப் பறித்த தொழிலாளர் எந்தப் பயிரையும் தெரிந்தவர் அல்லர். தெரிவில் அவர்களுக்குப் பங்கில்லை. விளைவில் மட்டும் பங்கிருந்தது. ஆடியவன் ஒருவன், அடிபட்டவன் மற்றொருவன் என்னும் இந்நிலை ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. அறவியல் வினா தொடங்கும் இடம் அதுவே.

அணி சேர்த்தலின் இரண்டாம் விதி, ஒவ்வொரு குறைக்கும் ஒரு துணை வேண்டும் என்பதாகும். இதனை விளக்க 2014ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் நடந்த உலகப் போட்டியைச் சுட்டலாம். இருவர் இருவராகக் களத்தில் நின்று பொரும் அப்போட்டியில் தென்கொரியரான பார்க் சே-ஜுன் முதலிடம் பெற்றார். அவரது அணியில் ‘பச்சிரிசு’ என்னும் அணில் உருக்கொண்ட ஒரு சிற்றுயிரி இருந்தது. ஆறு ஆற்றல்களையும் கூட்டினால் அதன் அடிப்படை மதிப்பு 405. அதே அணியிலிருந்த ‘கார்ச்சொம்ப்’ என்னும் உயிரியின் மதிப்போ 600. உலகப் போட்டிக்கு அந்த அணிலை எவரும் கொண்டுவருவார் என்று எதிரிகள் எண்ணியிருக்கவில்லை. அது செய்த வேலை இதுதான்: தன் துணைவன் மீது வரும் தாக்குதல்களைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது. மின்தாக்குதலுக்கு மிகவும் அஞ்சவேண்டிய ‘கியாரடோஸ்’ அருகில் நிற்க, மின்னை உட்கொண்டு வலுப்பெறும் இயல்புடைய அணில் அத்தாக்குதலைத் தான் வாங்கிக்கொள்ளும். அந்நேரத்தில் துணைவன் எதிரியை வீழ்த்துவான். எண்ணால் அளந்தால் இழிந்ததாகத் தோன்றியது, அணியில் வைத்துப் பார்த்தபோது இன்றியமையாததாயிற்று.

இந்நிகழ்ச்சியைப் பலர் மெலியோருக்குக் கிடைத்த வெற்றியாகப் போற்றினர். அதில் உண்மை உண்டு. தனித்தனியே அளக்கும் அளவுகோல் கூட்டு வாழ்வுக்குப் பொருந்தாது என்பதை அது காட்டுகின்றது. ராகலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களை நோக்கினும் இதுவே தெரியவரும். கொழுந்து மடுவத்தில் தராசு ஒன்று தொங்குகின்றது. குறித்த நிறைக்குக் குறைவாகக் கொழுந்து கொண்டுவந்தவரின் நாளை ‘அரைப்பேர்’ எனப் பதியும் வழக்கம் தோட்டங்களுக்குப் புதியதன்று. அந்தத் தராசு கிலோவை அறியும், பிறிதொன்றையும் அறியாது. பிள்ளைக்காம்பராவிற் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒரு கொழுந்தும் பறிப்பதில்லை. தராசின் கணக்கில் அவள் ஆக்கியது ஒன்றுமில்லை. ஆனால் அவள் ஒருநாள் வராவிடின் எத்தனை தாய்மார் மலைக்குப் போக முடியும்? மலையில் நிறையும் கூடைகளில் அவளுடைய பங்கும் இருக்கின்றது. அதனைப் பிரித்து நிறுக்கும் தராசுதான் இல்லை.

இவ்விடத்தில் நின்றுவிட்டால் கட்டுரை இனிதே முடிந்துவிடும். மெலிந்தவரும் பயன்படுவர், ஆகவே அவரையும் மதிக்க வேண்டும் என்பது கேட்பதற்கு நன்றாகவே இருக்கின்றது. ஆனால் இவ்வாதத்தின் உள்ளே ஓர் இடர் ஒளிந்துள்ளது. பயன்படுவதாற்றான் மதிப்பு என்றால், பயன்படாதவருக்கு மதிப்பு இல்லை என்பதே அதன் மறுபக்கம். பச்சிரிசு போற்றப்பட்டது அது வென்று கொடுத்தமையால். வென்று கொடுக்காத நூற்றுக்கணக்கான உயிரிகள் பெட்டிக்குள் கிடக்கின்றன. அவற்றைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

தமிழ் மக்களின் நினைவில் மற்றோர் அணில் உண்டு. சேது கட்டும்போது நீரில் நனைந்து மணலிற் புரண்டு, உடலில் ஒட்டிய மணலைக் கொண்டுசென்ற அணிலின் கதையை அறியாதார் இலர். தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையிலும் அக்குறிப்பு இடம்பெற்றுள்ளது. அந்த அணில் கொண்டுசென்ற மணலால் அணை ஒரு விரற்கடையேனும் உயர்ந்ததா என்று கதை கணக்கிடவில்லை. அது இல்லாவிடினும் அணை கட்டப்பட்டேயிருக்கும். எனினும் அதனை வருடிக் கொடுத்த கை, மணலின் நிறையைப் பார்க்கவில்லை. வாஷிங்டன் அணில் பயனால் மதிப்புப் பெற்றது. சேதுவின் அணில் பயனுக்கு அப்பாலும் மதிப்புப் பெற்றது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே அணிக்கும் சமுதாயத்துக்கும் உள்ள வேறுபாடு எனலாம்.

அணி சேர்த்தலின் மூன்றாம் பகுதி வளர்த்தலைச் சார்ந்தது. இவ்விளையாட்டில் ஒவ்வோர் உயிரியும் பிறக்கும்போதே ஒவ்வோர் ஆற்றலுக்கும் 0 முதல் 31 வரையான ஒரு மறைவெண்ணைப் பெறுகின்றது. அதன் பின்னர்ப் பயிற்சியாற் பெறக்கூடிய புள்ளிகளோ மொத்தம் 510. ஆறு ஆற்றல்களையும் உச்சத்துக்குக் கொண்டுசெல்ல அவை போதா. எதை வளர்ப்பது, எதை விடுவது என்று தெரிய வேண்டும். பயிற்சியாற் பிறப்பெண்ணை மாற்ற முடியாதிருந்த காலத்திற் போட்டியாளர்கள் நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பொரிக்கச் செய்து, நிறைவான எண்களோடு பிறந்த ஒன்றை வைத்துக்கொண்டு எஞ்சியவற்றை விட்டுவிடுவர். 2016ஆம் ஆண்டு வெளிவந்த பதிப்பிலேதான், பிறப்பிற் குறைந்த ஆற்றலையும் பின்னர்ப் பயிற்சியால் உயர்த்தும் வழி திறக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டுப் பதிப்பு, பிறவிக் குணத்தால் ஆற்றல்களில் ஏற்படும் ஏற்றத்தாழ்வையும் மாற்றியமைக்க இடமளித்தது. பிறப்பு ஒழிந்து வளர்ப்பு முதன்மை பெற்றது.

இதனை வெறும் வசதி என்று தள்ளிவிடலாகாது. ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னர்ப் பிளேட்டோ தமது ‘குடியரசு’ நூலில் இதே சிக்கலை எதிர்கொண்டார். ஆள்வோர், காவலர், உற்பத்தி செய்வோர் என மூவகையினரும் தத்தம் தொழிலையே செய்து பிறர் தொழிலிற் புகாதிருத்தலே நீதி என்றார். சமநிலையே நீதி என்பது அவர் கொள்கையின் சாரம். அந்நூலின் ஐந்தாம் பகுதியிற் சோக்கிரதர், கிளௌக்கனின் வீட்டிலுள்ள வேட்டை நாய்களையும் உயர்குலப் பறவைகளையும் எடுத்துக்காட்டி, சிறந்தவற்றையே இனப்பெருக்கத்துக்குத் தெரிவது போல மனிதருள்ளும் செய்யலாகாதா என வினவுகின்றார். சமநிலையான நகரத்தை ஆக்க முனைந்த பேரறிஞர் முட்டை பொரிக்கும் ஆட்டக்காரனின் நிலைக்கு வந்து சேர்ந்தது தற்செயலன்று. மனிதரைக் காய்களாகக் கொண்டு மேலிருந்து நோக்குபவர் எவரும் இறுதியில் அங்கேயே வந்து சேர்வர். நகரம் என்பது வேறுபட்ட மனிதராலானது, அதனை மிகவும் ஒருமைப்படுத்தினால் அது நகரமாகவே இராது என்று அரிஸ்டோட்டில் தம் ஆசிரியரை மறுத்தமையும் இங்கு கருதத்தக்கது.

இதுவரை கூறியவற்றிலிருந்து மூன்று நிலைகளைப் பிரித்தறியலாம். ஒன்று, ஆடுபவனின் நிலை. அவன் நோக்கம் வெற்றி. சமநிலை அவனுக்கு ஒரு கருவி. இரண்டாவது, விதி செய்பவரின் நிலை. அவருடைய நோக்கம் ஆட்டம் நேர்மையாக நடைபெறுதல். 1996ஆம் ஆண்டுப் பதிப்பில் உளவலி வகை ஏனையவற்றை அடக்கி நின்றது. ஆவி வகை அதனை வெல்லும் என்று விளையாட்டுக்குள்ளே சொல்லப்பட்டிருந்தும், செயலில் அது பலிக்காதவாறே அமைந்துவிட்டது. 1999இல் இருள், உருக்கு என்னும் இரு வகைகளைப் புகுத்தி அக்குறையைச் சீர்செய்தனர். உளவலி உயிரிகளைக் கொண்டு வென்றவர்கள் அதனைத் தம்மீது இழைக்கப்பட்ட அநீதி என்று சொல்லியிருக்கக்கூடும். ஆனால் அவர்களது வெற்றிக்கு அவர்களுடைய திறமை மட்டுமன்றி விதியின் கோணலும் காரணம் என்பதை மறுக்க முடியாது. மூன்றாவது, காயின் நிலை. விளையாட்டில் அதற்கு மனமில்லை. ஆகவே அதன் நிலையைக் கேட்க வேண்டிய தேவையும் இல்லை. வாழ்க்கையில் அவ்வாறன்று. அங்கு ஒவ்வொரு காயும் ஒரு மனிதன்.

காயின் நிலையிலிருந்து நோக்கும்போது வீட்டுக்குள்ளேயே வினா தொடங்கிவிடுகின்றது. தோட்டக் குடும்பம் ஒன்று பெரும்பாலும் ஒரு சமநிலை அணியாகவே தன்னை அமைத்துக்கொள்கின்றது. ஒருவர் மலைக்குச் செல்கின்றார்; ஒருவர் லயத்தின் அருகிலுள்ள துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கோ லீக்ஸோ பயிரிடுகின்றார்; ஒருவர் கொழும்பிற் கடையில் வேலை செய்து பணம் அனுப்புகின்றார்; ஒருவர் படிக்கின்றார். தேயிலை விலை சரிந்தால் மரக்கறி தாங்கும். மரக்கறி அழுகினாற் கொழும்புப் பணம் தாங்கும். கோப்பியின் பாடத்தை இக்குடும்பங்கள் ஏட்டிற் படிக்காமலே கற்றுள்ளன. ஆனால் படிப்பவன் தம்பியாகவும், படிப்பை நிறுத்திக் கடைக்கோ பிறர் வீட்டு வேலைக்கோ போனவள் அக்காவாகவும் ஏன் அமைந்தது? தாக்குதலைத் தன்பால் ஈர்த்து நின்று பிறரைக் காக்கும் அணிலின் பணியை அந்த வீட்டில் அவளே செய்கின்றாள். குடும்பம் வெற்றி பெற்று, தம்பி பட்டம் பெற்றபின் அவளைத் தியாகி என்று புகழ்வர். தியாகம் செய்தல் வேறு, தியாகமாக்கப்படுதல் வேறு. முன்னதில் விருப்பம் உண்டு. பின்னதில் ஏவல் மட்டுமே உண்டு. அவளிடம் எவரேனும் கேட்டனரா என்பதே இவ்விரண்டையும் பிரிக்கும் எல்லைக்கோடு. பெற்றோரைக் குறை கூறுவது இதன் கருத்தன்று. ஆறு பேர் கொண்ட வீட்டில் ஒருவரை மட்டுமே படிக்கவைக்க இயலும் என்ற விதியைப் பெற்றோர் செய்யவில்லை. விதியின் கோணலை வீட்டுக்குள் ஒரு பெண்ணின் தோள் தாங்குகின்றது என்பதே கருத்தாகும்.

நாட்டளவில் இவ்வினா இன்னும் கூர்மை பெறுகின்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். 975,000 பேர் எனக் கொள்ளப்பட்ட தொகையில் 525,000 பேரை இந்தியா ஏற்கும். 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும். எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர்த் தீர்மானிக்கப்படும் என்று முடிவாயிற்று. அவ்வெஞ்சிய தொகையும் 1974இல் இரு நாடுகளாலும் சரிபாதியாகப் பகிரப்பட்டது. இரு அரசுகளுக்கும் இடையில் இது ஒரு சமநிலை. இராசதந்திரத்தின் அளவுகோலால் அளந்தால் அதனை வெற்றியென்றும் கூறலாம். ஆனால் பகிரப்பட்ட மக்கள் அவ்வொப்பந்தத்தில் ஒரு தரப்பினராக இருக்கவில்லை. ராகலை போன்ற தோட்டப்புறங்களின் லயங்களில் அண்ணனுக்கு ஒரு நாடும் தம்பிக்கு ஒரு நாடும் என ஆயிற்று. நீலகிரியின் தேயிலைச் சரிவுகளிற் குடியேறியவர்களும் இங்கேயே தங்கியவர்களும் இன்றும் உறவு கொண்டாடுவது அப்பகிர்வின் எச்சமே. நாடற்ற நிலையைத் தீர்ப்பதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எண்கள் சரியாகக் கூட்டப்பட்டிருந்தன. கூட்டப்பட்டவை எண்கள் அல்ல என்பது மட்டும் மறக்கப்பட்டது.

மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது, அவனே ஒரு குறிக்கோள் என்பதை எப்போதும் மனங்கொள்ள வேண்டும் என்று இம்மானுவேல் கான்ற் 1785இல் வெளியிட்ட தம் அறவியல் நூலில் நிறுவினார். ‘மட்டும்’ என்னும் சொல் இங்கு முக்கியமானது. ஒருவர் மற்றவருக்குப் பயன்படுதல் தவிர்க்க முடியாதது. அதிற் குற்றமும் இல்லை. ஆசிரியர் மாணவனுக்கும் உழவர் ஊருக்கும் பயன்படுகின்றனர். பயன்பாட்டோடு அவரது மதிப்பு முடிந்துவிடும் என எண்ணுதலே குற்றம். 1971இல் அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் ரோல்ஸ் இக்கருத்தைச் சமுதாய அமைப்புக்கு விரித்தார். ஒரு சமுதாயத்தின் விதிகளை வகுப்பவர்கள், அச்சமுதாயத்திற் தாம் எக்குடியிற் பிறப்பர், எத்தகைய ஆற்றலைப் பெறுவர் என்பதை அறியாத ஒரு திரையின் பின்னாலிருந்து வகுப்பதாகக் கற்பனை செய்யுமாறு அவர் வேண்டினார். விளையாட்டின் மொழியிற் கூறுவதாயின், விதி செய்பவர் தாம் ஆடுபவராக இராது காயாகவே இருக்கப்போவதாகவும், 31 பெற்ற காயா 0 பெற்ற காயா என்பதை அறியாதவராகவும் விதி செய்ய வேண்டும். அப்படிச் செய்பவர் எவரும் பெட்டிக்குள் எறியப்படுவோரை மறந்துவிட மாட்டார்.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். தெரிவு இல்லாமல் எக்காரியமும் நடவாது. சத்திர சிகிச்சைக் குழுவுக்குத் திறமையற்றவரைச் சேர்ப்பது அறமாகுமா என்று கேட்கலாம். ஆகாது என்பதே விடை. ஓர் அணி குறித்த காரியத்துக்காகக் கூடுகின்றது. அக்காரியத்துக்கு வேண்டிய திறமையைப் பார்த்தே அதற்கு ஆளைத் தெரிய வேண்டும். சமுதாயமோ குறித்த காரியத்துக்காகக் கூடியதன்று. அதில் எவரும் தெரியப்பட்டு வரவில்லை; பிறந்து வந்தனர். கரப்பந்தாட்டக் குழுவிற் சேர்க்கப்படாத மாணவன் பந்தை மட்டுமே இழக்கின்றான். வகுப்பறையில் அவன் இருக்கை அப்படியே இருக்கும். அவன் இருக்கையும் போய்விடுமாயின் அது விளையாட்டுத் தெரிவு ஆகாது. ஆகவே அணிக்குத் தெரிவு நியாயமாதற்கு இரு நிபந்தனைகள் வேண்டும். தெரியப்படாதவர் மனிதராக வாழ்தற்குரியவற்றை இழத்தலாகாது என்பது ஒன்று. தெரிவுக்குமுன் ஆற்றலை வளர்த்துக்கொள்ளும் வாய்ப்பு எல்லாருக்கும் ஒப்ப இருந்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று.

இரண்டாம் நிபந்தனை பல்கலைக்கழகத்தின் வாயிலுக்கே வினாவைக் கொண்டுவருகின்றது. இலங்கையிற் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கியவை எனக் கொள்ளப்படும் மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. நுவரெலியா மாவட்டமும் அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. 1970களில் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் புகுத்தப்பட்டபோது தமிழ் மாணவரிடையே எழுந்த கசப்பை எவரும் அறிவர். இனத்தையோ மொழியையோ அளவுகோலாக்கும் விதி எத்தகைய புண்ணை விட்டுச்செல்லும் என்பதற்கு அது சான்று. அதே வேளை, வளமற்ற பாடசாலையிலிருந்து வரும் ஒருவரின் புள்ளியையும் வளமான பாடசாலையிலிருந்து வரும் ஒருவரின் புள்ளியையும் ஒரே தராசில் இடுவதும் நடுநிலை ஆகாது. புள்ளியில் உழைப்பும் உண்டு. உழைப்பதற்குக் கிடைத்த மேசையும் விளக்கும் ஆசிரியரும் உண்டு. மாவட்டம் என்னும் அலகும் குறையுடையதே. நகரத்துப் பாடசாலையும் தோட்டத்துப் பாடசாலையும் ஒரே மாவட்டத்தின் பெயரால் எண்ணப்படும்போது, உதவி யாருக்காக வகுக்கப்பட்டதோ அவரைச் சேராதுபோதல் கூடும். ஆகவே ஒதுக்கீடு வேண்டுமா வேண்டாவா என்பதோடு விவாதம் நின்றுவிடலாகாது. அளவுகோல் எதனை அளக்கின்றது, எதனை அளவாமல் விடுகின்றது என்று இடைவிடாது வினவுதலே நேர்மையான விதி செய்வோரின் கடமை.

சமநிலை என்பது உயர்ந்த பண்புதான். ஒன்றையே நம்பி நிற்பவர் ஒன்றாலேயே வீழ்வர் என்பதையும், எண்ணாற் சிறியது இடத்தாற் பெரிதாகலாம் என்பதையும் அது கற்பிக்கின்றது. ஆனால் சமநிலை யாருடைய கண்ணுக்குத் தோன்றும் சமநிலை என்ற கேள்வி அதற்கு முந்தியது. ஆடுபவனின் கண்ணுக்குச் சமநிலையாகத் தோன்றுவது, காயின் கண்ணுக்குச் சுமையாக இருக்கலாம். அரசுகளின் கண்ணுக்குத் தீர்வாகத் தோன்றுவது, லயத்தின் வாசலிற் பிரிவாக இருக்கலாம். விளையாட்டில் ஆடுபவன் களத்துக்கு வெளியே நிற்கின்றான். தோற்றால் அணியைக் கலைத்துவிட்டு மற்றோர் அணியைச் சேர்ப்பான். சமுதாயத்தில் அவ்வாறு வெளியே நிற்றற்கு இடமில்லை. கலைத்துவிட்டு மீண்டும் சேர்த்தற்கு வேறு மக்களும் இல்லை. இருக்கும் மக்களையும், அவர்களுட் தராசுக்குக் குறைந்தவர்களையும், உடன் வைத்துக்கொண்டே விதிகளைத் திருத்த வேண்டியிருக்கின்றது. அத்திருத்தத்தில் அவர்களுடைய குரலும் சேரும்போதே சமநிலை நீதியாகின்றது.